அப்பளத்தைப் பிரித்த ஞாயிற்றுக்கிழமை

அந்த லேப்டாப்புக்கு என் அறைத் தோழிகள் வைத்த பெயர் அப்பளம். ரிச்சி தெருவில் பழைய லேப்டாப் விற்கும் கடையில் பார்த்த மாத்திரத்தில் எனக்கு அது பிடித்துவிட்டது. ஏதோ ஒரு பெரிய ஆபீஸில் யாரோ மேனேஜரிடம் இருந்து, வயதாகி, அங்கே வந்து சேர்ந்த சாமான். மற்றவையெல்லாம் அம்மிக்கல் மாதிரி கனத்துக் கிடக்க, இது மட்டும் மெலிசாக, ஒரு கையால் தூக்கும்படி, கைப்பைக்குள் அடங்குகிற அளவில் இருந்தது. கம்பெனி பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் மடியில் வைத்துக்கொண்டு போகிறவளுக்கு வேறென்ன வேண்டும்? உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்காமலே வாங்கிவிட்டேன். அழகைப் பார்த்து ஏமாந்தவள் என்று அறையில் ரொம்ப நாள் பேச்சு. ஏமாந்தேன் என்று நான் இன்றைக்கும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நாங்கள் மூன்று பேர் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தோம். ஒருத்தி சாத்தூர்க்காரி, ஒருத்தி உசிலம்பட்டிக்காரி, நான் ஆலங்குளம் பக்கம். மூவருக்கும் ஒரே தொழிற்சாலை. செல்போன் பூட்டுகிற லைனில் வேலை. நீளமான பெல்ட் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும், அதன் ஓரமாக வரிசையாக நாங்கள். முன்னால் வந்து நிற்கிற போனில் அவரவருக்கு உரிய ஒரே ஒரு வேலையைச் செய்து அடுத்தவளிடம் தள்ளிவிட வேண்டும். சாத்தூர்க்காரிக்கு ஸ்க்ரூ. மேலிருந்து தொங்கும் மின்சார ஸ்க்ரூ டிரைவரை இழுத்து வைத்து அழுத்தினால் அதுவே முடுக்கிவிடும். எனக்கு ரிப்பன். திரையையும் போர்டையும் சேர்க்கிற, நாடா போன்ற மெல்லிய வயர் அது. சொருகிப் பூட்ட வேண்டும். உசிலம்பட்டிக்காரிக்குக் கண் வேலை. முடிந்து வருகிற போனை விளக்குக்குக் கீழே சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, கீறலோ மேடு பள்ளமோ தெரிந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவாள். அவள் ஒட்டினால் அப்பீலே கிடையாது. இத்தனை போன் எங்கள் கை வழியாகப் போயும், எங்களில் ஒருத்தியும் ஒரு போனை முதலிலிருந்து கடைசிவரை பூட்டியதில்லை.

2013ஆம் வருஷம். ட்ரெய்னியாகச் சேர்ந்த எங்கள் மூவருக்கும் அந்த மாதக் கடைசியோடு காலம் முடிகிறது. சாத்தூர்க்காரி அண்ணனின் ஜெராக்ஸ் கடையில் உட்காரப் போவதாகச் சொன்னாள். உசிலம்பட்டிக்காரிக்குத் திருப்பூரில் அக்கா இருந்தாள், பனியன் கம்பெனியில் பேசி வைத்திருந்தாள். எனக்கு ஊருக்குப் போனால் பீடி சுற்றுகிற தட்டுதான். அம்மா, சித்தி, அத்தை என்று எங்கள் தெருவில் எல்லார் மடியிலும் இருக்கிற தட்டு. அதை நினைத்தாலே எனக்கு எரிச்சல் மண்டிக்கொண்டு வரும். வார லீவில் தாம்பரம் போய், கம்ப்யூட்டரில் இயந்திர பாகங்களுக்குப் படம் போடக் கற்றுக்கொண்டதே அந்தத் தட்டுக்குத் தப்பிக்கத்தான். கற்றுக்கொண்ட பிறகு வேறு காரணமே தேவைப்படவில்லை. திரையில் ஒரு கோடு போட்டு, அதை இழுத்துக் கட்டையாக்கி, ஓட்டை போட்டு, சுழற்றிப் பார்க்கிறபோது வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அதை எங்கள் லைனில் யாரும் கண்டதில்லை.

ஒரகடத்துக்கும் படப்பைக்கும் நடுவே ஒரு பட்டறை. பெரிய கம்பெனி லைன்களுக்கு வேண்டிய ஃபிக்ஸ்சர் செய்கிற இடம். அதாவது வேலை செய்கிறபோது பாகம் ஆடாமல் பிடித்துக்கொள்கிற இரும்புத் தாங்கிகள். அங்கே படம் போட ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு ஒரு வியாழக்கிழமை அப்பளத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். ஓனர் படப்பைக்காரர். நரைத்த மீசை, கையில் கிரீஸ். லேப்டாப்பைத் திறந்து அந்த வரைபட சாஃப்ட்வேரை அழுத்தினேன். வட்டம் சுற்றியது. சுற்றியது. அவர் ஒரு போன் பேசி முடித்தார், டீ வந்தது, குடித்தார். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் திரை முழுக்க வெளுத்து அப்படியே நின்றுவிட்டது.

“இன்னாமா, தூங்குதா?” என்றார்.

எனக்குக் காது வரைக்கும் சுட்டது. “கொஞ்சம் பழசு சார். ஆனா எனக்கு நல்லா போட வரும்.”

“வரும்னு சொல்றே, சரி. ஆனா இங்க கீறது ஒரே சிஸ்டம், அதுல ஏற்கெனவே ஒருத்தர் உக்காந்துகினு கீறாரு. நீ உன்னுதுலதான் போடணும். திங்கக்கிழமை காலைல வா. இது ஓடுச்சுன்னா ஒண்ணாந்தேதிலேருந்து உனக்கு வேலை. ஓடலன்னா நான் வேற ஆளப் பாத்துக்கறேன், தப்பா நெனச்சுக்காத.”

நான் எதையும் தப்பாக நினைக்கவில்லை. திங்கட்கிழமை என்ற ஒரு வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினேன்.

ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடை. அந்த அண்ணன் அப்பளத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ரேம் ஏத்திட்டு, ஹார்ட் டிஸ்க்கத் தூக்கிட்டு எஸ்எஸ்டி போட்டா பறக்கும்மா. ஆனா மெலிசு பீஸு, பிரிக்கறது பேஜாரு. வெச்சுட்டுப் போ, அடுத்த வாரம் பாக்கலாம்.”

“எனக்குத் திங்கக்கிழம வேணும்ணே.”

“அப்ப நீயே பிரிச்சுக்கோ” என்று சிரித்தார். அவர் கேலியாகச் சொன்னதை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். ரேம், எஸ்எஸ்டி, ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர் செட், மூன்றையும் வாங்கினேன். ரேம் கூடினால் கம்ப்யூட்டர் கனமான வேலையைத் திணறாமல் தாங்கும்; எஸ்எஸ்டி என்பது பென் டிரைவுக்குப் பெரிய அண்ணன்; உள்ளே சுற்றுகிற தட்டு எதுவும் கிடையாது, அதனால் பழைய ஹார்ட் டிஸ்க்கைப் போல முனகி முனகித் தேடாமல் கேட்டதை உடனே எடுத்துக் கொடுத்துவிடும். தாம்பரத்தில் பாடம் நடத்தும் சாரிடம் விண்டோஸையும், மாணவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் அந்த சாஃப்ட்வேரையும் பென் டிரைவில் வாங்கி வைத்துக்கொண்டேன்.

அறையில் விஷயத்தைச் சொன்னதும் சாத்தூர்க்காரி பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள். “ஆத்தி! அப்பளத்தப் பிரிக்கவா? நொறுங்கிராதா புள்ள?”

“நீ ஸ்க்ரூ, நான் ரிப்பன், அவ கண்ணு. வேற என்னட்டி வேணும்?” என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கே புல்லரித்தது. உசிலம்பட்டிக்காரி எழுந்து போய் ட்யூப் லைட்டைத் துடைக்க ஆரம்பித்தாள். அவள் சம்மதம் என்று சொல்லும் விதம் அது.

சனிக்கிழமை பிரவுசிங் சென்டரில் மூவரும் ஒரே திரையில் தலையை நுழைத்து, இதே லேப்டாப்பை ஒரு வெள்ளைக்காரர் பிரிக்கிற வீடியோவைப் பார்த்தோம். பேச்சு எங்களுக்குப் புரியவில்லை, கை புரிந்தது. ஆனால் அந்த மனுஷன் கழற்றிய ஸ்க்ரூக்களை மேஜை மேல் இங்கே இரண்டு, அங்கே மூன்று என்று இறைத்து வைத்திருந்தார். “என்னா மனுசன், கொஞ்சங்கூட ஒழுங்கு இல்ல” என்றாள் உசிலம்பட்டிக்காரி. எங்கள் லைனில் ஒரு ஸ்க்ரூ மேஜையில் தனியாகக் கிடந்தால் சூப்பர்வைசர் பாட்டு பாடிவிடுவார். வேலையெல்லாம் தெரிந்தும் சுத்தம் தெரியாத ஆள் என்று அவருக்காக நாங்கள் பரிதாபப்பட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை இட்லி சாப்பிட்டுக் கை கழுவியதும் லைன் போட்டோம். பாயை விரித்து, அதன் மேல் சுத்தமான வெள்ளைத் துண்டு. இடது பக்கம் சாத்தூர்க்காரி, நடுவில் நான், வலது பக்கம் உசிலம்பட்டிக்காரி. மூவர் தலையிலும் கம்பெனித் தொப்பி. உடம்பில் இருக்கிற மின்சாரம் பட்டால் போர்டு செத்துவிடும் என்பதால் தொழிற்சாலையில் மணிக்கட்டில் ஒரு வயர் கட்டியிருப்போம். இங்கே அது இல்லை என்பதால் ஜன்னல் கம்பியைத் தொட்டுத் தொட்டு வேலை செய்வதென்று முடிவு. உசிலம்பட்டிக்காரி கையில் சிவப்பு ஸ்டிக்கர்ப் பொட்டுப் பாக்கெட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.  எனக்குப் பயமா சந்தோஷமா என்று பிரிக்க முடியவில்லை.

சாத்தூர்க்காரி அப்பளத்தைக் கவிழ்த்து, முதல் ஸ்க்ரூவில் டிரைவரை வைத்து மூச்சைப் பிடித்துத் திருகினாள். அசையவில்லை. இன்னும் அழுத்தினாள். முகம் சிவந்தது. “துருப்பிடிச்சிருக்கு புள்ள.”

உசிலம்பட்டிக்காரி எட்டிப் பார்த்தாள். “ஏண்டி, நீ முடுக்கிக்கிட்டு இருக்க!”

உண்மைதான். சேர்ந்த நாளிலிருந்து அவள் கை வலது பக்கம் மட்டுமே சுற்றியிருக்கிறது. தொழிற்சாலையில் தொங்கும் அந்த டிரைவர் இடது பக்கம் சுற்றி நாங்கள் பார்த்ததே இல்லை. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. அப்போதுதான் உறைத்தது: எங்கள் மூவருக்கும் பூட்டத்தான் தெரியும், கழற்றத் தெரியாது. அவள் வாய்க்குள் “இடது, இடது” என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கழற்றியதையெல்லாம் எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டாள். ஒன்றுகூடத் தரையில் இல்லை. அந்த வெள்ளைக்காரர் பார்த்திருந்தால் வெட்கப்பட்டிருப்பார் என்று பேசிக்கொண்டோம்.

அடுத்து நான். கீபோர்டைத் தூக்கினால் அடியில் ரிப்பன். ஆயிரமாயிரம் ரிப்பன் பூட்டிய விரல் ஒன்றைக்கூடக் கழற்றியதில்லை. பூட்டுகிறபோது அந்தச் சின்ன மூடி கீழே இறங்குவது காதில் கேட்காது, விரல் நுனியில் மட்டும் தெரியும். இப்போது அதை நகத்தால் மேலே தூக்க வேண்டும். ஜன்னல் கம்பியைத் தொட்டேன், சாமியைக் கும்பிட்டேன், தூக்கினேன். ரிப்பன் வலிக்காமல் வெளியே வந்தது. “வந்துட்டு ஏட்டி, வந்துட்டு!” என்று கத்தினேன். கீபோர்டு போய், கை வைக்கிற மேல்தட்டும் போனதும், உள்ளே போர்டு பளிச்சென்று தெரிந்தது. மூவரும் தலையோடு தலை முட்டக் குனிந்து பார்த்தோம். ஒரு முழுச் சாமானின் உள்ளே அத்தனையும் ஒரே சமயத்தில் பார்ப்பது எங்களுக்கு அதுதான் முதல் தடவை. ஃபேன் எங்கே, சூடு எந்த வழியாகப் போகிறது, திரைக்கு எது போகிறது என்று எதையும் தொடாமல் விரலை நீட்டி நீட்டிப் பேசினோம். கோயிலில் மூலவரைப் பார்க்கிற கூட்டம் மாதிரி ஒருத்தியை ஒருத்தி தள்ளிக்கொண்டோம்.

பழைய ரேமை எடுத்துவிட்டுப் புதியதைச் சாய்த்து வைத்து அழுத்த, இரண்டு பக்கக் கொக்கியும் பிடித்துக்கொண்டன. ஹார்ட் டிஸ்க் வெளியே, எஸ்எஸ்டி உள்ளே. இதன் பிறகு எங்கள் ராஜ்யம்! பூட்டுகிற வேலை. துண்டின் மேல் பீஸ் கை மாறி மாறி ஓடியது. நான் ரிப்பனைப் பூட்டினேன். சாத்தூர்க்காரி கிண்ணத்திலிருந்து ஸ்க்ரூவை எடுத்து எடுத்து, பார்க்காமலே முடுக்கினாள். மெஷின் தோற்றது. உசிலம்பட்டிக்காரி வாங்கித் துடைத்தாள். பவர் பட்டனை அழுத்தினேன்.

ரேம் கூடிவிட்டதென்று திரை சொன்னது. கீபோர்டிலேயே தட்டித் தட்டி விண்டோஸை ஏற்றினேன். சாஃப்ட்வேர் ஏறியது. அழுத்தினேன். வட்டம் ஒரு சுற்று சுற்றியதா என்றுகூடத் தெரியவில்லை, திறந்துவிட்டது! நாங்கள் போட்ட கூச்சலில் கீழே வீட்டுக்கார அக்கா படியேறி வந்துவிட்டார். “இன்னாமா கூத்து இது? மேட்ச்சுல கெலிச்சுட்டாங்களா?”

“அப்பளம் பறக்குதுக்கா!” என்றாள் சாத்தூர்க்காரி. அக்கா எங்கள் தொப்பிகளைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

கோடு போடலாம் என்று, கீபோர்டுக்குக் கீழே இருக்கிற மவுஸ் பேடில் முதல் தடவையாக விரலை வைத்தேன். அம்பு போகிற இடமெல்லாம் எதையாவது பிடித்து இழுத்துக்கொண்டு போனது. விட்டால் விடவில்லை. யாரோ இடது பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்கிற மாதிரி. ஒரு நேர்கோடு போட முடியவில்லை. மறுபடி ஆன் செய்து பார்த்தேன், அதே கதை. என் ரிப்பன்தான். நான் பூட்டிய ரிப்பன்தான் போய்விட்டது. நாளைக்குத் திங்கட்கிழமை. பீடித் தட்டு கண் முன்னால் வந்து நின்றது. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. “போச்சுட்டி, எல்லாம் போச்சு” என்று முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டேன். சாத்தூர்க்காரி முதுகைத் தடவினாள். 

உசிலம்பட்டிக்காரி மட்டும் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு எழுந்தாள். ட்யூப் லைட்டுக்கு நேராகப் பிடித்து, லைனில் போனைச் சாய்ப்பது போலவே மெல்லச் சாய்த்தாள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். பிறகு உட்கார்ந்து, மவுஸ் பேடின் இடது ஓரத்தில் ஒரு சிவப்புப் பொட்டை எடுத்து ஒட்டினாள்.

“இங்கிட்டு மேடா இருக்கு. அடியில இருந்து என்னமோ முட்டுது.”

விரலை வைத்தேன். ஒரு கடுகு அளவு மேடு. கவிழ்த்து அதே இடத்தில் இருந்த ஸ்க்ரூவைச் சாத்தூர்க்காரி கழற்றினாள். அது நீளம். பக்கத்தில் இருந்ததைக் கழற்றினாள். அது குட்டை. இரண்டையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள். “ஏன் புள்ள, எல்லாம் ஒரே ஸ்க்ரூ இல்லையா?”

லைனில் அவளுக்கு மெஷின் கொட்டுகிற ஸ்க்ரூ எல்லாம் ஒரே அளவு. ஸ்க்ரூ என்றால் ஸ்க்ரூ, அவ்வளவுதான். அதில் நீளம் குட்டை உண்டு என்று அவளுக்கு மட்டுமல்ல, எனக்கும் தோன்றவில்லை, கண் வேலைக்காரிக்கும் தோன்றவில்லை. அந்த வெள்ளைக்காரர் இங்கே இரண்டும் அங்கே மூன்றுமாக இறைத்து வைத்தது எதற்கென்று அப்போதுதான் விளங்கியது. ஒழுங்கில்லாத மனுஷன் என்றோமே! அழுத கண்ணோடு நான் சிரிக்க, அவர்களுக்கும் தொற்றிக்கொண்டது. சாத்தூர்க்காரி கிண்ணத்தைத் தட்டித் தட்டிச் சிரித்தாள்.

சிரித்து முடித்து மறுபடி பிரித்தோம். தொழிற்சாலையில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய போன், பழுது பார்க்கிற கண்ணாடி அறைக்குள் போய்விடும், அதற்கு என்ன ஆனது என்று எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். இப்போது நாங்களே கண்ணாடி அறை. எஸ்எஸ்டி வாங்கிய கடைக்காரர் பொதிந்து கொடுத்த தெர்மாகோலில் எல்லா ஸ்க்ரூவையும் குத்தி நிறுத்தினோம்; நீளம், நடு, குட்டை என்று மூன்று ஜாதி. எந்த ஓட்டைக்கு எது? உசிலம்பட்டிக்காரி விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, ஒவ்வோர் ஓட்டையிலும் விட்டு ஆழம் பார்த்துச் சொன்னாள். “குட்ட. நடு. குட்ட. இது நீளம்.” நான் எடுத்துக் கொடுத்த ஸ்க்ரூவின் அளவைச் சாத்தூர்க்காரி கண்ணால் பார்த்து, மெல்ல முடுக்கினாள். மெஷின் வேகமெல்லாம் இல்லை. இந்தத் தடவை நாங்கள் மூவரும் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் பார்த்தோம்.

ஆன் செய்தேன். அம்பு போகச் சொன்ன இடத்துக்குப் போனது, நில் என்றால் நின்றது. ஒரு சதுரம் போட்டேன். இழுத்துக் கட்டையாக்கினேன். நடுவில் ஓட்டை போட்டுச் சுழற்றினேன். கட்டை தண்ணீரில் மிதப்பது போல வழுக்கிக்கொண்டு சுற்றியது. “எனக்கும் ஒரு ஓட்ட போட்டுக் குடு” என்றாள் சாத்தூர்க்காரி. ஆளுக்கொன்று போட்டோம். உசிலம்பட்டிக்காரி அந்தச் சிவப்புப் பொட்டை உரித்து எடுத்து, என் நெற்றியில் ஒட்டிவிட்டாள்.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டுப் பட்டறைக்குப் போனேன். ஓனர் ஓர் இரும்புத் துண்டைக் கையில் கொடுத்து, “இத போட்டுக் காட்டு” என்றார். பட்டனை அழுத்தினேன். அவர் டீ சொல்லப் போன் எடுப்பதற்குள் சாஃப்ட்வேர் திறந்து நின்றது. அளவுகோலை வைத்து அளந்து அளந்து போட்டேன். டீ ஆறியதே எனக்குத் தெரியவில்லை. முடித்துச் சுழற்றிக் காட்டியபோது இரும்பையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“புதுசு வாங்கிட்டியா?”

“அதேதான் சார். ரேமும் டிஸ்க்கும் மாத்துனோம்.”

“எந்தக் கடைல?”

“கடையில இல்ல சார். ரூம்ல. நாங்க மூணு பேரும் லைன் போட்டு மாத்துனோம்.”

மீசைக்குள் ஒரு சிரிப்பு வந்தது. “ஒண்ணாந்தேதி வந்துடு” என்றார். எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. நல்ல பிள்ளையாக நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். அவர் எழுந்து போய் அலமாரியிலிருந்து தூசி படிந்த லேப்டாப் ஒன்றை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். “என் பொண்ணுது. ரொம்ப நாளா தூங்கிகினு கீது. உங்க லைன்ல இதையும் ஒரு தபா வுட்டுப் பாரேன்.”

ஷேர் ஆட்டோவில் மடி மேல் இரண்டு லேப்டாப். காற்று முகத்தில் அடிக்க நான் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்ததைப் பார்த்துப் பக்கத்து அம்மா தள்ளி உட்கார்ந்தார்கள். அறைக்குத் தோழிகள் இரண்டு பேரும் காலை ஷிஃப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்தார்கள், யூனிஃபார்ம்கூட மாற்றவில்லை. “கெடச்சிட்டு!” என்றேன். சாத்தூர்க்காரி என்னை இடுப்போடு கட்டித் தூக்கிச் சுற்றினாள். உசிலம்பட்டிக்காரி என் கன்னம் இரண்டையும் பிடித்துக்கொண்டு, “இனி தட்டு இல்லடி உனக்கு” என்றாள். அவள் கண் கலங்கி அன்றுதான் பார்த்தேன். பிறகு பையிலிருந்து மற்ற லேப்டாப்பை எடுத்துக் காட்டினேன்.  சாத்தூர்க்காரி பாயை உதறி விரித்தாள். உசிலம்பட்டிக்காரி துண்டை எடுத்து வந்தாள். தொப்பியை மாட்டிக்கொண்டு அவரவர் இடத்தில் உட்கார்ந்தோம்.

எங்கள் லைனுக்கு வந்த இரண்டாவது பீஸ் அது. மூன்றாவது வருவதற்குள் மாதம் முடிந்து, ஆளுக்கொரு திசையாகப் பிரிந்துவிட்டோம்.